2008 சீடியா, ஒரே ஓனர்: யாருக்குக் குடுக்கறது, என்ன வெலை சொல்றது?

லேத்துக்காரன் (கோவை) எழுதியது:

வணக்கமுங்க. விக்கப்போறது 2008 மிட்சுபிஷி லான்சர் சீடியா. பெட்ரோல், மேனுவல், சில்வர் கலர், டிஎன் 38 நம்பர். ஷோரூம்ல இருந்து என் பேர்ல எடுத்தது, இன்னும் என் பேர்லதான் இருக்குது. மீட்டர் 1,12,000-த்தைத் தாண்டியாச்சு. 2023-ல பதினஞ்சு வருஷம் முடிஞ்சப்போ எஃப்சி காட்டி, 5,000 ரூபா ஃபீஸு, அதுக்கு மேல கிரீன் டேக்ஸு எல்லாம் கட்டி 2028 வரைக்கும் ஆர்சி புதுப்பிச்சு வெச்சிருக்கறேன். ஹெச்பி, அதாவது லோனுக்கு வண்டி அடமானம்ங்கற பதிவு, கெடையாது. லோன் முடிஞ்ச கையோட கேன்சல் பண்ணி புக்குலயும் எடுத்தாச்சு.

ஏன் விக்கறீங்கன்னு கேட்பீங்க. எஞ்சின் காரணமில்லீங்க, என்ற எடது முழங்கால்தான். காந்திபுரம் சிக்னல்ல கிளட்சை மிதிச்சு மிதிச்சு வந்தா ராத்திரி தைலம் தேய்ச்சாத்தான் தூக்கம். பையன் ஆட்டோமேட்டிக் ஒண்ணு புக் பண்ணிப்போட்டான். வீட்டு முன்னால ரெண்டு வண்டிக்கு எடமில்லை. அவ்வளவுதான்.

இந்த வண்டி தெரியாத பசங்களுக்காக ரெண்டு வரி. 2 லிட்டர் 4ஜி94 எஞ்சின், 115 பிஎஸ், பின்னால மல்டிலிங்க் சஸ்பென்ஷன். நம்ம திருவள்ளூர்ல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஃபேக்டரில செஞ்சது. அதே எடத்துலதான் இப்ப சிட்ரோயன் வண்டி வருது. 2006-ல சீடியா வந்தப்போ எல்லாரும் மைலேஜ் எவ்வளவு, பின் சீட்டுல காலை நீட்டலாமான்னுதான் கேட்டுட்டு இருந்தாங்க. அந்தக் கேள்விக்கெல்லாம் இந்த வண்டிகிட்ட நல்ல பதில் கெடையாது. ஆனா மேட்டுப்பாளையம் தாண்டி கோத்தகிரி ரோட்டுல ரெண்டாவது கியர்ல வளைவுக்குள்ள விட்டுப் பார்த்தவன் அப்புறம் மைலேஜ் கேட்கமாட்டான். ஸ்டீயரிங் சொன்ன பேச்சு கேட்கும். இப்ப வர்ற வண்டிகள்ல அந்த கனம் கையில தெரியறதில்லைங்க, எல்லாம் வெண்ணெயில கத்தி விட்ட மாதிரி சுத்துது.

செஞ்ச வேலைக்கெல்லாம் ரெண்டு ஃபைல் நிறைய பில் இருக்குது. டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூணும் 2021-ல, 94,000 கிலோமீட்டர்ல மாத்தினது. ஏசி கூலிங் காயில் புதுசு. ரேடியேட்டர் புதுசு. பெயிண்ட் எல்லாப் பக்கமும் கம்பெனி பெயிண்ட்; எடது பின் கதவு மட்டும் ஒரு பால் வண்டி உரசிட்டுப் போனதால அடிச்சது. பட்டி போடலை, காந்தம் வெச்சுப் பார்த்துக்கலாம்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லறதா வேண்டாமான்னு குழப்பமா இருக்குது. பின்பக்க சஸ்பென்ஷன் ஆர்ம்ல ஒரு ரப்பர் புஷ் போயிருச்சு. ஒரிஜினல் எங்கயும் கெடைக்கலை, முழு ஆர்மா வாங்கினாத்தான் உண்டுன்னு சொல்லி ஒரு வெலை சொன்னாங்க, அதைக் கேட்டு நான் நாற்காலில உக்காந்துட்டேன். நமக்குத்தான் லேத்து இருக்குதே. ஆர்மோட துளையை அளந்து, வெளி ஸ்லீவை 0.05 மில்லிமீட்டர் இறுக்கமா கடைஞ்சு, உள்ள வேற ஒரு வண்டியோட ரப்பரைப் போட்டு பிரஸ்ல அழுத்தி ஏத்தினேன். மூணு வருஷமாச்சு, சத்தம் இல்லை, டயர் ஒரு பக்கமாத் தேயவும் இல்லை. அலைன்மெண்ட் ஷீட்டும் இருக்குது. ஆனா "கம்பெனி பார்ட் இல்லையா"ன்னு பார்ட்டி மொகம் சுளிச்சா?

இப்ப வந்திருக்கற வெலைங்க. ஆன்லைன்ல வண்டி வாங்கற ஒரு கம்பெனிக்காரங்க வீட்டுக்கே ஆள் அனுப்பி, டேப்லெட்ல டிக் அடிச்சு, 85,000 சொன்னாங்க. பழைய வண்டி வாங்கி விக்கற லோக்கல் கன்சல்டிங்காரர் ஒருத்தர் டயரை உதைச்சுப் பார்த்துட்டு ஒண்ணு பத்து. ராலி வண்டி ரெடி பண்ற ஒரு பட்டறைக்காரர் ரெண்டு இருவது, மொத்தமும் கேஷ், நாளைக்கே தூக்கிக்கறேங்கறாரு. பரண்ல நான் சேர்த்து வெச்சிருக்கற ஸ்பேரையும் சேர்த்துக் கேட்கறாரு. அவர் எடுத்தா உள்ளுக்குள்ள எல்லாத்தையும் பிரிச்சு, ராலிக்கு வேண்டிய பாதுகாப்புக் கம்பிக் கூண்டு வெல்டு பண்ணிடுவாரு. நாலாவது, திருநெல்வேலில இருந்து ஒரு தம்பி. வேலைக்குப் போயி ரெண்டு வருஷம் ஆகுது போல. 1,60,000 தர்றேன், முதல்ல ஒரு லட்சம், மீதியை நாலு மாசத்துல, பேர் மாத்தறது அப்புறம் பார்த்துக்கலாம்ங்கறான். சின்ன வயசுல அவங்க தெருவுல ஒரு சீடியா நின்னுதாம், அதுல இருந்து ஆசையாம்.

பணத்துக்காக விக்கலீங்க, ஆனா தானம் பண்ணவும் இல்லை. யாருக்குக் குடுக்கறது? என்ன வெலை நியாயம்? பேப்பர் வேலை எப்படி? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.


அம்பத்தூர் ஸ்பானர் எழுதியது:

அண்ணே, அந்த 85,000-ஐ மறந்துடுங்க. அவன் ஆப்ல மாடல், வருஷம், கிலோமீட்டர் தட்டினா ஒரு நம்பர் வரும். ரெண்டு ஃபைல் பில் இருக்குதான்னு கேக்க அதுல ஒரு கட்டமே கிடையாது. வந்த பையனைக் குத்தம் சொல்லவும் முடியாது. அவங்க வாங்கி திரும்ப டீலருங்களுக்குத்தான் ஏலம் விடறாங்க. சீடியாவை எந்த டீலர் கையில எடுப்பான்? ஸ்விஃப்ட்டா இருந்தா சாயந்திரத்துக்குள்ள தள்ளிடலாம். இது மாசக்கணக்குல நிக்கும்.

நான் விலை போடற கணக்கு வேற. இதே வருஷத்து வண்டி, ஓடுது ஆனா கவனிக்காதது, ஒண்ணு ஒண்ணே காலுக்கு கிடைக்கும்னு வெச்சுக்கங்க. அதை உங்க வண்டி கண்டிஷனுக்குக் கொண்டு வர என்ன ஆகும்? டைமிங் செட், கிளட்ச், முன்னாடி பின்னாடி சஸ்பென்ஷன், ரேடியேட்டர், ஏசி. கூலியோட பார்த்தா இன்னொரு லட்சம் போயிடும், பார்ட்டுக்கு அலையற அலைச்சல் தனி. அதுல பாதியாவது வாங்கறவன் உங்களுக்குத் தரணும். நானா இருந்தா 1,90,000 போடுவேன், 1,65,000-க்கு கீழ இறங்க மாட்டேன்.

புஷ் மேட்டரை கண்டிப்பா சொல்லுங்க. சொல்றது மட்டும் இல்ல, டிராயிங் ஒண்ணு போட்டு ஃபைல்ல வெச்சிடுங்க: துளை அளவு, ஸ்லீவ் அளவு, எந்த வண்டி ரப்பர். நாளைக்கு அடுத்த பக்க புஷ் போனா அந்தக் காகிதம் இருந்தாத்தான் அவன் பொழைப்பான். அதைக் கேட்டு முகம் சுளிக்கறவன் இந்த வண்டிக்கு சரிப்பட மாட்டான், போகட்டும் விடுங்க. மறைச்சு வித்து, அவன் மெக்கானிக் லிஃப்ட்ல ஏத்திப் பார்த்தான்னா அப்புறம் உங்க ரெண்டு ஃபைலையும் நம்ப மாட்டான்.

டயர் பத்தி ஒரு வார்த்தை கூட எழுதலையே? சைடுவால்ல நாலு நம்பர் இருக்கும், 3519-னு இருந்தா 2019-ல 35-வது வாரம் செஞ்சது. பட்டன் நல்லா இருந்தாலும் ஆறு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னா ரப்பர் கட்டியாயிடும். விவரமானவன் முதல்ல அதைத்தான் பார்ப்பான், ஒரு செட் டயர் விலையைக் கழிச்சுப்பான். நீங்களே பார்த்து வெச்சுக்கங்க.

இன்னொண்ணு. விக்கறோம்னு சொல்லி எஞ்சின் வாஷ் அடிச்சுடாதீங்க. எங்கயோ ஆயில் ஒழுகுது, அதை மறைக்கறாங்கன்னுதான் நினைப்பான். பார்ட்டி வர்றதுக்கு முன்னாடி வண்டியை ஸ்டார்ட் பண்ணியும் வெக்காதீங்க. பானெட்டைத் தொட்டுப் பார்ப்பான். காலையில சில்லுனு இருக்கற எஞ்சின், ஒரே செல்ஃப்ல பிடிச்சு, புகை இல்லாம ஐடிலிங் நின்னா, அதை அவன் கண்ணால பார்த்தா, பேச்சுவார்த்தை பாதி முடிஞ்சுது.


ஓய்வுபெற்ற சர்வேயர், திருச்சி எழுதியது:

ஐயா, வண்டியைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நான் காகிதத்தை மட்டும் பேசுகிறேன். மோட்டார் இன்ஷூரன்ஸ் சர்வே வேலையில் காலம் தள்ளியவன். விற்ற வண்டிக்காக கோர்ட்டு படி ஏறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

திருநெல்வேலித் தம்பி நல்ல பிள்ளையாகவே இருக்கலாம். ஆனால் "பேர் மாத்தறது அப்புறம்" என்பதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஆர்டிஓ பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர். அந்த வழக்கில் வண்டி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் பல முறை மாறியிருந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. விபத்து நடந்தபோது இழப்பீட்டுப் பொறுப்பு, வண்டியை எப்போதோ விற்றுவிட்ட முதல் ஆள் தலையில் விழுந்தது. விற்றதற்குக் கையெழுத்திட்ட பேப்பர் இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை.

ஆகவே பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, ஃபார்ம் 30 இரண்டையும் முழுசாக நிரப்பிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெறும் ஃபார்மில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவது கன்சல்டிங்காரர்களின் பழைய பழக்கம். அடுத்த பார்ட்டி கிடைக்கும்வரை உங்கள் பெயரிலேயே வண்டி ஓடும். 2023 ஏப்ரல் முதல், அங்கீகாரம் பெற்ற டீலராக இருந்தால் வண்டியை ஒப்படைத்ததை அரசின் பரிவாகன் இணையதளத்தில் பதிவு செய்ய விதி வந்திருக்கிறது. பதிந்துவிட்டால் பொறுப்பு அவருடையது. கன்சல்டிங்காரருக்கே கொடுப்பதானால், அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பதிலிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

தனி ஆளுக்கு விற்றால், மாநிலத்துக்குள் என்பதால் நீங்கள் 14 நாளுக்குள்ளும் வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். அத்தனை நாள் காத்திருக்க வேண்டியதே இல்லை. ஆன்லைன் விண்ணப்பத்தைத் தம்பியை உங்கள் பக்கத்தில் உட்காரவைத்துப் போடுங்கள், ஓடிபி உங்கள் செல்போனுக்கு வரும், கட்டணத்தைக் கட்டி ரசீதை எடுத்த பிறகு சாவியைக் கொடுங்கள். டெலிவரி நோட்டில் தேதி மட்டும் போதாது. மணி, நிமிஷம் வரை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மாலை 4.10-க்குக் கொடுத்த வண்டி 5 மணிக்கு யாரையாவது இடித்தால் அந்த ஐம்பது நிமிஷம் உங்களுக்கு முக்கியம்.

இன்ஷூரன்ஸில் ஒரு சங்கதி. மூன்றாம் நபர் காப்பீடு வண்டியோடு தானாகப் போய்விடும். சொந்தச் சேதத்துக்கான பகுதி அப்படிப் போகாது. வாங்கியவர் 14 நாளுக்குள் விண்ணப்பித்துத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் நோ கிளெய்ம் போனஸ் (என்சிபி), அதாவது கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்கான பிரீமியத் தள்ளுபடி, உங்களுடையது, வண்டியுடையது அல்ல. விற்ற கையோடு கம்பெனியிடம் என்சிபி கடிதம் வாங்கிவிடுங்கள். மூன்று வருஷம் வரை செல்லும். மகன் புக் செய்திருக்கும் ஆட்டோமேட்டிக் உங்கள் பெயரில் பதிவானால் அந்தத் தள்ளுபடி முழுதாகக் கிடைக்கும். 50 சதவீதத்தில் இருந்தீர்களானால், புது வண்டிப் பிரீமியத்தில் அது கணிசமான தொகை. வண்டி மகன் பெயரில் வந்தால் செல்லாது. இதை டெலிவரிக்கு முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

ராலிக்காரர் மொத்தமும் கேஷ் என்கிறாரே, அதை வாங்காதீர்கள். வருமான வரிச் சட்டப்படி ஒரே பரிவர்த்தனையில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. ரெண்டு தவணையாகப் பிரித்து வாங்கினாலும் கணக்கு ஒன்றுதான். அபராதம், வாங்கிய தொகை எவ்வளவோ அவ்வளவு; அதுவும் கொடுத்தவருக்கு அல்ல, வாங்கிய உங்களுக்கு. வங்கி வழியாக வரட்டும்.

ஃபாஸ்டாக் கணக்கை மூடிவிட்டு ஸ்டிக்கரைக் கிழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் டோல்கேட் தாண்டும்போதெல்லாம் உங்களுக்கு எஸ்எம்எஸ் வரும்.


செட்டிபாளையம் சைடு எழுதியது:

அண்ணா, நானும் நம்மூருதான், கரி ஸ்பீட்வே பக்கம். ராலி சர்வீஸ் டீம்ல ஸ்பானர் பிடிச்சவன். நீங்க எழுதினதுல "கூண்டு வெல்டு பண்ணிடுவாரு"ங்கறதைப் படிச்சா கசாப்புக் கடைக்கு அனுப்பற மாதிரி இருக்குது, அதுக்குத்தான் வந்தேன்.

மிட்சுபிஷியோட ராலி வண்டி லான்சர் எவோ 7, 8, 9 எல்லாம் இந்த சீடியா பாடியை வெச்சு செஞ்சதுதான். பாடி ஷெல் அவ்வளவு உறுதி. நம்ம நாட்டு ராலில சீடியா வருஷக்கணக்கா முன்னால நின்னுச்சுன்னா காரணம் அது. இன்னொண்ணு யோசிங்க. மிட்சுபிஷி கம்பெனி நம்ம நாட்டை விட்டுப் போனதுக்கு அப்புறம் இந்த வண்டிக்கு ஸ்பேர் இத்தனை நாள் எப்படிக் கெடைச்சுது? ராலிக்காரங்க வெளில இருந்து வரவெச்சாங்க, பழைய வண்டியை வாங்கிப் பிரிச்சாங்க. எஞ்சின் மவுண்ட், ஸ்ட்ரட், டிரைவ் ஷாஃப்ட்னு நீங்க வாங்கினதுல பாதியாவது எங்க ஆளுங்க கை வழியா வந்திருக்கும். ஆகவே எங்களைத் திட்டாதீங்க.

ஆனா உங்க வண்டியைப் பொறுத்தவரைக்கும் நான் உண்மையைச் சொல்லோணும். எங்களுக்கு வேணுங்கறது துரு இல்லாத, அடி படாத ஷெல்லு மட்டும். உங்க ஏசி காயிலு, சீட்டு, கார்பெட்டு, கதவு பேடு எல்லாம் மொத நாளே வெளிய போயிடும். எஞ்சினை எப்படியும் பிரிச்சுத்தான் கட்டுவோம். அந்த ரெண்டு ஃபைலை யாரும் தொறந்துகூடப் பார்க்கமாட்டாங்க. அப்புறம் எதுக்கு ரெண்டு இருவது? ஷெல்லுக்கு அவ்வளவு தரமாட்டாங்க அண்ணா. அவர் கண்ணு உங்க பரண் மேல! என்னென்ன இருக்குதுன்னு லிஸ்ட் போடுங்க. ஒரு ஜோடி ஹெட்லேம்ப், பவர் ஸ்டீயரிங் ரேக், முன் ஹப் இதெல்லாம் இருந்துச்சுன்னா இன்னைக்கு நெலமைக்கு அதோட மதிப்பே தனி. வண்டியையும் ஸ்பேரையும் ஒரே வெலைல பேசாதீங்க, ரெண்டையும் பிரிச்சுப் பேசுங்க.

அவருக்கே குடுக்கறதுன்னு முடிவு பண்ணினாலும் சரி, பேர் மாத்தினதுக்கு அப்புறம் வண்டி பட்டறைக்குப் போகட்டும். கம்பெனி செஞ்ச மாதிரி இல்லாம வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. சீட்டைக் கழட்டி, கூண்டு போட்ட வண்டி உங்க பேர்ல ரோட்டுல நின்னா, கேள்வி உங்களைத்தான் கேட்பாங்க.


நாகர்கோவில்காரன் எழுதியது:

அண்ணாச்சி, நானும் ஒரு சீடியா வச்சிருக்கேன், 2007. அந்தத் திருநெல்வேலித் தம்பிக்காகத்தான் எழுதுதேன்.

ஆசை இருக்குது, சரி. ஆனா ஆசையில வாங்கினவன் ஆறு மாசத்துல வித்துட்டு ஓடினதை நான் கண்ணால பார்த்திருக்கேன். அதனால விலை பேசறதுக்கு முன்னால அவன்கிட்ட சில விஷயத்தை உடைச்சுச் சொல்லிருங்க. டவுனுக்குள்ள லிட்டருக்கு எட்டு ஒம்பதுதான், ஹைவேல நிதானமாப் போனா பன்னெண்டு. வண்டி தாழ்வு, நம்மூரு ஸ்பீடு பிரேக்கர்ல நாலு பேரை ஏத்திட்டுப் போனா சாய்ச்சுத்தான் ஏத்தணும். இப்ப பம்புல வாரது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலு. இந்த வண்டி அதுக்குன்னு செஞ்சதில்ல. நான் ஃபியூவல் ஹோஸ் எல்லாத்தையும் எத்தனால் தாங்குற ஹோஸா மாத்திட்டேன், ஃபில்டரையும் சீக்கிரம் சீக்கிரம் மாத்துதேன். நீங்க மாத்தியிருந்தா அதையும் எழுதுங்க, அது பெரிய பிளஸ்ஸு. மாத்தலைன்னா அவனுக்கு முதல் செலவு அதுதான்னு சொல்லிருங்க.

தவணை கேக்கான்னு அவனைத் தப்பா நினைச்சிராதீங்க. பதினஞ்சு வருஷம் தாண்டின வண்டிக்கு பேங்க்ல லோன் கிடைக்கிறது குதிரைக்கொம்பு. அவன் பர்சனல் லோன் போட்டாத்தான் உண்டு, வட்டி ஏறும். அதுக்காக நீங்க தவணைக்கு ஒத்துக்கணும்னு இல்ல. "வண்டியை உனக்காக நிறுத்தி வைக்கேன், அட்வான்ஸ் குடுத்துரு, முழுப் பணமும் சேர்ந்தப்புறம் வந்து எடுத்துக்கோ"ன்னு சொல்லிப் பாருங்க. காத்திருக்கான்னா அவன் வச்சு ஓட்டுவான். அவசரப்பட்டு வேற வண்டி வாங்கிட்டான்னா, அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்துட்டு நிம்மதியா இருங்க.

எல்லாத்தையும் கேட்ட பிறகும் "பரவாயில்ல அண்ணாச்சி"ன்னு நின்னான்னா, பத்தாயிரம் குறைச்சுக் குடுத்தாலும் தப்பில்ல.


லேத்துக்காரன் (கோவை) எழுதியது:

எல்லாருக்கும் நன்றிங்க. திருச்சி ஐயா சொன்ன அந்த கேஷ் விஷயம் நம்ம ஆடிட்டர்கிட்ட கேட்டேன், அப்படியேதான்னு சொல்லிட்டாரு. என்சிபி கடிதத்துக்காக புது வண்டி புக்கிங்கையும் என் பேருக்கு மாத்தச் சொல்லிட்டேன். பையன் ஒரு மாதிரி பார்த்தான். வருஷ பிரீமியம் எவ்வளவு கொறையுதுன்னு காட்டினதும் அமைதியாயிட்டான்.

டயரைப் பார்த்தேன் ஸ்பானர் தம்பி. முன்னால ரெண்டும் 2022, பின்னால ரெண்டும் 2018. பின் டயருக்குப் பட்டன் நெறைய இருக்குது, ஆனா நகத்தை வெச்சு அழுத்தினா பதியவே மாட்டேங்குது. விளம்பரத்துல "பின் டயர் மாத்தணும்"னே எழுதிப்போட்டேன். ஃபியூவல் ஹோஸ் போன வருஷமே மாத்தியாச்சு. புஷ்ஷுக்கு டிராயிங் போட்டு லேமினேட் பண்ணி ஃபைல்ல வெச்சாச்சு. ஒரு டிராயிங்குக்கு எதுக்கு லேமினேஷன்னு வீட்டுல கேட்டாங்க. பட்டறையில கிரீஸ் கையோட தொடுவாங்க, வேற எதுக்கு!

செட்டிபாளையம் தம்பி சொன்னது நூத்துக்கு நூறு. பரண்ல இருந்ததை எறக்கி லிஸ்ட் போட்டுட்டு, ராலிக்காரருக்கு போன் பண்ணி "ஸ்பேர் இல்லாம வண்டி மட்டும் எவ்வளவு"ன்னு கேட்டேன். சித்த நேரம் யோசிச்சுட்டு ஒண்ணு நாப்பதுங்கறாரு. ரெண்டு இருவதுல எண்பதாயிரம் என்ற பரணுக்கு! மனுஷர் மேல கோவம் இல்லை, அவர் தொழில் அது. ரேக்கு ஒண்ணு, முன் ஹப் ரெண்டு, டிரைவ் ஷாஃப்ட் ஒண்ணு எனக்கு இனி வேண்டியதில்லை, அதை மட்டும் தனியா அவருக்கே குடுக்கறதா பேச்சு. ராலில அதுக்கு வேலை உண்டு.

வண்டி திருநெல்வேலித் தம்பிக்குத்தான்னு மனசுல வந்துட்டுதுங்க. காரணம் ஆசைக் கதை இல்லை. நாகர்கோவில்காரர் சொன்னதை அப்படியே சொன்னேன்: மைலேஜு, தாழ்வு, பின் டயரு, லேத்து புஷ்ஷு. எல்லாத்துக்கும் உம் போட்டவன் புஷ்ஷுக்கு மட்டும் "ரப்பர் எந்த வண்டியோடதுங்க? ஷோர் ஹார்ட்னஸ் எவ்வளவு இருக்கும்?"னு, ரப்பரோட கடினத்தை அளக்கற அளவையே கேட்டான். டிப்ளமோ மெக்கானிக்கலாம். 1,75,000 சொன்னேன், 1,68,000-ல நின்னுருக்குது. தவணை கெடையாது, பதினஞ்சாயிரம் அட்வான்ஸ் பேங்க்ல வந்துட்டுது, மீதிக்கு அவன் பிஎஃப்ல ஏதோ ஏற்பாடு பண்றான். அதுவரைக்கும் வண்டி இங்கயே நிக்கும். வாரம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி ஒரு ரவுண்டு விடறதுக்கு முழங்கால் ஒத்துக்கும். எடுக்க வர்றப்போ ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வா, லிஃப்ட்ல ஏத்திப் பாருன்னு நானே சொல்லியிருக்கறேன். பார்த்துப்போட்டு, ஃபார்மெல்லாம் இங்கயே உக்காந்து போட்டு, ரசீது எடுத்துட்டுத்தான் சாவி.

கன்சல்டிங்காரங்க யாரும் இனி மெசேஜ் போடாதீங்க. விளம்பரத்தை எடுத்துட்டேன்.


அம்பத்தூர் ஸ்பானர் எழுதியது:

சூப்பர் அண்ணே, நல்ல விலை. அந்த பரண் லிஸ்ட்ல ஹெட்லேம்ப் ஜோடி இருக்குதுன்னு நினைக்கறேன். தனியா தர்றதா இருந்தா சொல்லுங்க, எங்க கஸ்டமர் ஒருத்தர் வண்டி லேம்ப் மஞ்சளாயி கிடக்குது. நல்ல விலைக்கு எடுத்துக்கறோம்.


லேத்துக்காரன் (கோவை) எழுதியது:

அது வண்டியோட போகுதுங்க தம்பி. 1,68,000-ல அதுவும் சேர்த்தி. உங்க கஸ்டமர் லேம்பைக் கழட்டி நனைச்ச எமரி பேப்பர்ல 1000, 2000, 3000-னு வரிசையாத் தேய்ச்சு, பாலிஷ் போட்டு, மேல யுவி கிளியர் கோட் அடிக்கச் சொல்லுங்க. என் வண்டிக்கு அப்படித்தான் பண்ணி வெச்சிருக்கறேன்.